அந்நிய நகரில் தன்னைக் கண்ட மாணவன்

உயர்கல்வியின் பொருட்டு மேலைநாட்டு நகரமொன்றிற்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரின் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் ஒருங்கே எழுவதுண்டு. பட்டம் பெற்று வருவான் என்னும் நம்பிக்கை ஒன்று. நம்முடைய பிள்ளையாகவே திரும்பி வருவானோ என்னும் அச்சம் மற்றொன்று. அந்த அச்சம் காரணமற்றதன்று. சொந்த ஊரில் ஒருவன் எதை உண்பது, எதை உடுப்பது, எவ்வாறு வணங்குவது என்பவற்றையெல்லாம் வீடும் சுற்றமும் முன்னரே முடிவு செய்து வைத்திருக்கின்றன. அங்கே அவனிடம் காரணம் கேட்பார் எவருமில்லை. அந்நிய நகரிலோ உணவு மேசையிலும் காரணம் கேட்கப்படுகின்றது. அதற்கு விடை தேடும்போதுதான், தான் கொண்டு வந்தவற்றுள் எது வெறும் பழக்கம், எது தன் உயிரோடு ஒட்டியது என்பதை அவன் அறியத் தொடங்குகின்றான். 1888ஆம் ஆண்டில் இலண்டன் சென்ற மோகனதாஸ் கரம்சந்த் காந்தி என்னும் மாணவரின் வரலாறு இதனை நன்கு விளக்கும். தமது சுயசரிதையில் அக்கால வாழ்வின் குற்றங்குறைகளையும் அவர் ஒளியாது கூறியிருக்கின்றார்.

போர்பந்தரில் 1869ஆம் ஆண்டு பிறந்த காந்தியடிகள், பவநகர்க் கல்லூரியில் ஒரு தவணை மட்டும் பயின்று, பாடங்கள் விளங்காமையால் வீடு திரும்பியவர். தந்தையார் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். இலண்டன் சென்று பரிஸ்டராகி வந்தால் தந்தையார் வகித்த திவான் பதவியை எளிதிற் பெறலாம் எனக் குடும்ப நண்பரான பெரியவர் ஒருவர் ஆலோசனை கூறினார். அன்னை புத்தலிபாய் அஞ்சினார். மது, மாது, மாமிசம் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று சைனத் துறவி ஒருவரின் முன்னிலையில் மகன் சத்தியம் செய்த பின்னரே விடை கொடுத்தார். பம்பாயில் சாதிப் பெரியோர் கூடிக் கடற்பயணத்தைத் தடுத்தனர். அவர் இணங்காமையால் அவரைச் சாதியினின்றும் விலக்கியதோடு, அவருக்கு உதவுவோரும் வழியனுப்பச் செல்வோரும் ஒரு ரூபாய் நான்கு அணா தண்டம் செலுத்த வேண்டும் என்றும் விதித்தனர். மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டு, செப்டெம்பர் 4ஆந் திகதி அவர் கப்பலேறினார். 19 வயது நிறைவதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன.

கப்பலில் ஆங்கிலம் பேசக் கூச்சம். கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. எந்தக் கறியில் இறைச்சி இல்லை என்று பரிமாறுவோரிடம் கேட்கவும் துணிவில்லை. வீட்டிலிருந்து கொண்டு சென்ற பலகாரங்களையும் பழங்களையும் உண்டே பெரும்பாலான நாள்களைக் கழித்தார். கரையிறங்கியபோது வெள்ளைக் கம்பளி உடை அணிந்திருந்தவர் அவர் ஒருவரே. இலண்டன் சேர்ந்த பின்னரும் துன்பம் தீரவில்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிரப்பியது. மற்ற வேளைகளில் கீரையும் இரண்டு மூன்று துண்டுப் பாணும் பழப்பாகுமே கிடைத்தன. மேலும் ஒரு துண்டு கேட்க நாணி, பசியோடு எழுந்தார். இரவில் தாயின் நினைவு வந்து கண்ணீர் பெருகிற்று.

இங்கே ஒரு செய்தியைக் கருத்தில் வைத்தல் வேண்டும். அக்காலத்தில் அவர் மாமிச உணவைக் கொள்கையளவில் வெறுத்தவரல்லர். இந்தியர் அனைவரும் இறைச்சி உண்டு வலிமை பெற்றால் நாட்டுக்கு நலம் விளையும் என்றே எண்ணியிருந்தார். சிறுவயதில் நண்பர் ஒருவருடன் மறைவாக உண்டும் இருக்கின்றார். ஆகவே இலண்டனில் அவரைக் காத்து நின்றது தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒன்றே. இறைச்சியின் பயனை நிலைநாட்ட நண்பர் ஒருவர் பெந்தாம் என்னும் அறிஞரின் நூலைப் படித்துக் காட்டியபோதும், வாதத்தில் தாம் வெல்ல இயலாதென்றும், வாக்கை மட்டும் மீற முடியாதென்றும் அவர் பணிவோடு விடையிறுத்தார்.

பின்னர் ஒருநாள், நகரெங்கும் நடந்து திரிகையில், பரிங்டன் வீதியில் மரக்கறி உணவுச்சாலையொன்று அவர் கண்ணிற் பட்டது. வாயிலில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள், ஹென்றி சால்ட் என்பவர் மரக்கறி உணவை ஆதரித்து எழுதிய நூலை ஒரு சிலிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்டது அன்றுதான். அந்நூலை முற்றும் படித்தபின், இதுகாறும் வாக்குக்காகக் காத்துவந்த நோன்பை அவர் தம் அறிவினாலும் ஏற்றுக்கொண்டார். தாயின் கட்டளை மகனின் கொள்கையாயிற்று. வீட்டிற் பெற்றதை மறுமுறை தாமே தேர்ந்து கொண்டமைதான் இம்மாற்றத்தின் சிறப்பு. சிலகாலம், முட்டை மாமிசமன்று என்னும் சிலருடைய விளக்கத்தை நம்பி அதனை உண்டார். பின்னர், வாக்குக்குப் பொருள் அதைப் பெற்றுக்கொண்ட தாய் கருதிய பொருளே எனத் தெளிந்து அதனையும் விட்டார்.

அவருடைய நண்பருக்கோ கவலை நீங்கவில்லை. நாடகம் பார்க்க அழைத்தவர், முன்னதாக ஹோபர்ன் உணவகத்திற்கு விருந்துண்ண இட்டுச் சென்றார். அது அரண்மனை போன்ற இடம். முதலில் சூப்பு வந்தது. அதில் இறைச்சி கலந்துள்ளதோ என்று அறிய அவர் பரிமாறுபவரை அழைத்தார். நண்பர் சினங்கொண்டு, நாகரிகமானவர் கூடும் இடத்திற்கு நீர் தகுதியற்றவர். வெளியே சென்று காத்திரும் என்றார். அவரும் எழுந்து சென்றார். அருகிலிருந்த மரக்கறி உணவுச்சாலை மூடியிருந்தமையால் அன்றிரவு பட்டினியோடு நாடகம் பார்த்தார்.

நண்பரின் மனத்தை ஆற்றுதற்காக, உணவில் விட்ட நாகரிகத்தை உடையிலேனும் ஈடுசெய்வோம் என்று அவர் கருதினார். 19 சிலிங்கில் உயர்ந்த தொப்பியும், 10 பவுணில் மாலையுடையும் வாங்கினார். தமையனாருக்கு எழுதிப் பொற்சங்கிலி வருவித்தார். கழுத்துப்பட்டி கட்டவும் தலைவாரவும் நாள்தோறும் 10 நிமிடம் கண்ணாடி முன் நின்றார். 3 பவுண் கட்டி நடனம் பயிலச் சேர்ந்தார். தாளத்துக்குக் கால் இசையவில்லை. இசைச்செவி வளரும் என்று எண்ணி மேலும் 3 பவுணுக்குப் பிடில் வாங்கினார். பேச்சுக்கலைக்கு ஓர் ஆசிரியரையும் தேடிக்கொண்டார். இம்மயக்கம் ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்தது. இந்நாட்டில் வாழ்நாளைக் கழிக்கப் போவதில்லையே, மாணவனாக அன்றோ வந்தோம், குணம் நம்மைக் கனவானாக்கினால் ஆகட்டும் என்னும் எண்ணம் ஒருநாள் பிறந்தது. ஆசிரியர்க்கு விலகற் கடிதம் எழுதினார். பிடிலைக் கிடைத்த விலைக்கு விற்றுத் தருமாறு அதன் ஆசிரியையிடமே வேண்டினார்.

அதன்பின் அவர் தமையனார் அனுப்பும் பணத்தை எண்ணிப் பார்த்தார். வண்டிக்கும் தபால்தலைக்கும் செலவிட்ட காசையும் எழுதி, உறங்குமுன் கணக்கை முடித்தார். ஓர் அறையோடு அமைந்து, அடுப்பு ஒன்று வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே ஆக்கினார். மாலையில் பாணும் கொக்கோவும். இவ்வாறு உணவுக்கு நாளொன்றுக்கு ஒரு சிலிங் மூன்று பென்ஸ் போதுமானதாயிற்று. வண்டிக்கூலி ஒழிந்து, நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். படிப்பும் பெருகிற்று. இலண்டன் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் முதன்முறை இலத்தீனில் தவறி, மறுமுறை தேறினார். உரோமச் சட்டத்தை இலத்தீன் மூலத்திலேயே கற்றார். உரோம டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில் அக்கல்வி பிற்காலத்திற் பயன்பட்டது. அச்சட்டத்தின் பயிற்சி இலங்கை மாணவர்க்கும் புதியதன்று.

மெய்யுரைக்கும் துணிவும் படிப்படியாகவே வந்தது. இந்திய மாணவர் பலர் தம் திருமணத்தை மறைத்து வாழ்ந்தனர். அவரும் அவ்வாறே மறைத்தார். பிரைட்டன் நகரில் அறிமுகமான மூதாட்டியொருவர் ஞாயிறுதோறும் இலண்டனில் விருந்துக்கு அழைத்து, இளம்பெண் ஒருத்தியோடு பழகச் செய்தபோது அவர் மனம் உறுத்திற்று. தமக்கு மனைவியும் மகனும் உண்டென்பதைக் கடிதமெழுதி ஒப்புக்கொண்டார். அம்மூதாட்டி கோபியாது நகைத்து, மீண்டும் விருந்துக்கு அழைத்தார்.

இரண்டாம் ஆண்டின் இறுதியில், பிரமஞான சங்கத்தைச் சேர்ந்த ஆங்கிலேயச் சகோதரர் இருவர், எட்வின் ஆர்னல்டு மொழிபெயர்த்த பகவத் கீதையைப் படித்து வந்தவர்கள், மூலத்தைத் தம்மோடு சேர்ந்து படிக்குமாறு அவரை அழைத்தனர். சமஸ்கிருதத்திலோ குஜராத்தியிலோ அந்நூலைப் படித்தறியாத அவர் வெட்கமுற்றார். தம் நாட்டின் பெருநூலை அந்நியர் இருவரின் துணையோடு, தேம்ஸ் நதிக்கரை நகரில் முதன்முதலாகப் படித்தார். விவிலியத்தின் மலைப்பிரசங்கமும் அக்காலத்திலேயே அவர் நெஞ்சிற் பதிந்தது.

கூச்சம் மட்டும் நீங்கவில்லை. மரக்கறி உணவாளர் சங்கத்தின் நிருவாகக் குழுவில் இருந்தும் வாய் திறவார். கருத்தடையை ஆதரித்த அலின்சன் என்னும் மருத்துவரைச் சங்கத்தினின்று நீக்கச் சங்கத் தலைவர் முயன்றபோது, அம்மருத்துவரின் கொள்கையை ஏற்காத காந்தியடிகள், மரக்கறி உண்பவர் எவரும் சங்கத்தில் இருக்க உரிமையுண்டு என்று எழுதிக் கொண்டு வந்தார். படிக்க நாவெழாமையால் மற்றொருவர் அதனைப் படித்தார். அன்று அம்மருத்துவரின் கட்சி தோற்றது. எனினும் தாம் உடன்படாத ஒருவரின் உரிமைக்காக நிற்கத் தம்மால் இயலும் என்பதை அவர் அறிந்துகொண்டார்.

1891ஆம் ஆண்டு யூன் 10ஆந் திகதி பரிஸ்டராகி, 12ஆந் திகதி கப்பலேறினார். புறப்படுமுன் நண்பர்க்கு விருந்தளித்தார். இடம், சூப்பைப் பற்றி வினவியதற்காக வெளியேற நேர்ந்த அதே ஹோபர்ன் உணவகம். இறைச்சி சமைக்கும் இடத்திலும் மரக்கறி விருந்து ஏன் நடத்தலாகாது என்று எண்ணி, மேலாளரிடம் பேசி ஒழுங்கு செய்தார். நன்றியுரைக்க எழுந்தபோது முதல் வாக்கியத்துக்கு மேல் மறந்துபோயிற்று. நன்றி கூறி அமர்ந்தார். ஆயினும் உணவு அவர் எண்ணியவாறே பரிமாறப்பட்டது.

பம்பாயில் இறங்கியதும் தமையனார் ஒரு துயரச் செய்தி கூறினார். வாக்கைப் பெற்ற தாய், மகன் திரும்புமுன்னரே மறைந்துவிட்டார். வாக்கைக் காத்தேன் என்று சொல்ல அன்னை இல்லை. தொழிலிலும் வெற்றி உடனே வரவில்லை. பம்பாய் நீதிமன்றில் முதல் வழக்கிலேயே பேச நாவெழாது, வழக்கைத் திருப்பிக் கொடுத்தார். இலண்டன் தந்த பட்டம் அன்று அவரைக் காக்கவில்லை. ஆனால் கணக்கெழுதும் பழக்கமும், தனியே நடக்கும் கால்களும், தேர்ந்து ஏற்ற கொள்கையும் 1893ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவுக்கு அவருடன் சென்றன.

பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பும் பெற்றோர், அவன் ஒருபோதும் மாறாது வரவேண்டும் என்று விரும்புதல் இயல்பு. மாறாதிருத்தல் இயலாது. மூன்று மாதப் பிடிலும் நடனமும் அவனுக்கும் வரலாம். அதனைக் கண்டு நம்பிக்கை இழத்தல் வேண்டா. வீட்டில் விதைத்தது மெய்யானதாயின், அந்நிய நகரின் கேள்விகளுக்கு விடை கூறிக் கூறி, அதனை ஒருநாள் அவன் தன்னுடையதாக ஏற்றுக்கொள்வான்.