பெரிய நிறுவனப் பணி: நன்மைகளும் குறைகளும்

பெரிய நிறுவனப் பணி என்பது நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஊழியர்களையும், பல துறைகளையும், அடுக்கடுக்கான மேலாண்மையையும் கொண்ட நிறுவனத்தில் செய்யும் வேலையைக் குறிக்கும். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் உள்ள வரையறைப்படி, இயந்திரங்களில் 125 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடோ, 500 கோடி ரூபாய்க்கு மேல் ஆண்டு விற்றுமுதலோ உள்ளவை நடுத்தர நிறுவன வரம்பைக் கடந்தவை ஆகும். இங்கு வேலைகள் தனி மனிதரின் விருப்பப்படி அல்லாமல் விதிமுறைகளின்படி நடக்கின்றன. இதன் நன்மைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரே தன்மையிலிருந்து பிறக்கின்றன.

நன்மைகள்

வருமான உறுதி: ஊதியம் குறித்த நாளில் வங்கிக் கணக்கில் சேரும். வருங்கால வைப்பு நிதிக்கு ஊழியர் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 12 விழுக்காடு செலுத்த, நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்களுக்கே இதைக் கட்டாயமாக்கியது. எனவே சிறு கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்வோர் பலருக்கு இந்தச் சேமிப்பு இல்லை.

பணிக்கொடை: 1972ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கை ஏற்படுத்தியது. கடைசி மாத ஊதியம் 26 ஆல் வகுக்கப்படும். 26,000 ரூபாய் பெற்றவர் பத்து ஆண்டுகள் பணியாற்றியிருந்தால் 1,50,000 ரூபாய் கிடைக்கும்.

பயிற்சி: புதிதாகச் சேர்வோருக்குச் சம்பளத்துடன் பயிற்சி அளிக்கப் பெரிய நிறுவனங்களால் முடிகிறது. இன்போசிஸ் மைசூருவில் இதற்கெனத் தனி வளாகமே நடத்துகிறது. வேறு துறைக்கோ ஊருக்கோ மாற வேண்டுமானால், நிறுவனத்தை விட்டு விலகாமலேயே மாறும் வாய்ப்பும் உண்டு.

குறைகள்

சுருங்கும் அனுபவம்: குண்டூசி செய்வதைப் பதினெட்டு வேலைகளாகப் பிரித்தால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்யலாம் என்று 1776இல் ஆடம் ஸ்மித் எழுதினார். ஒரே எளிய வேலையை வாழ்நாள் முழுதும் செய்பவரின் அறிவு மழுங்கும் என்று எச்சரித்தவரும் அவரே. ஒரு மென்பொருளின் ஒரே பகுதியை ஆண்டுக்கணக்கில் சோதித்தவருக்கு வெளியில் வேலை தேடும்போது இந்தச் சிக்கல் எழும். சிறு நிறுவனத்தில் ஒருவரே பல வேலைகளைக் கற்றுக்கொள்ள நேரிடுகிறது.

தொலைவில் எடுக்கப்படும் முடிவுகள்: ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. வரித் தகராறு காரணமாக அது மைக்ரோசாப்ட்டுக்கு விற்கப்பட்ட பிரிவில் சேரவில்லை. பின்னர் மைக்ரோசாப்ட் தந்துவந்த உற்பத்தி ஒப்பந்தமும் முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்களின் உழைப்புக்கும் இந்தக் காரணங்களுக்கும் தொடர்பில்லை. நிறுவனம் பெரியது என்பதால் வேலையும் நிலையானது என்று கொள்ள முடியாது என்பதற்கு இது சான்று.

ஒரே வளாகம், இரு நிலைகள்: பல ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரும் அருகருகே வேலை செய்கின்றனர். வாயிலில் உள்ள பெயர் ஒன்றே என்றாலும், ஒப்பந்தத் தொழிலாளரின் முதலாளி ஒப்பந்ததாரரே. அதனால் ஊதியம், பணி உறுதி ஆகியவற்றில் பெரும் வேறுபாடு காணப்படுகிறது.

சேர்வதற்கு முன்

பணி நியமனக் கடிதத்தில் கவனிக்க வேண்டியவை:

• கடிதம் தருவது அந்த நிறுவனமா, ஒப்பந்ததாரரா.
• சிடிசி எனப்படும் ஆண்டுத் தொகையில் கைக்கு வருவது எவ்வளவு. நிறுவனம் செலுத்தும் வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் இதில் சேர்த்தே காட்டுவது வழக்கம்.
• விலகும்போது தர வேண்டிய முன்னறிவிப்புக் காலம். தகவல் தொழில்நுட்பத் துறையில் மூன்று மாதம் என்பது பரவலாக உள்ளது. அடுத்த நிறுவனம் அவ்வளவு நாள் காத்திருக்காமல் போகலாம்.
• பயிற்சிக்காகக் கையெழுத்திட வேண்டிய பிணைப்பத்திரம் உண்டா, அதன் தொகை எவ்வளவு.

குடும்பக் கடனை அடைக்க வேண்டியவருக்கு உறுதியான மாத வருமானம் முதன்மையாகலாம். சொந்தத் தொழில் தொடங்க விரும்புபவருக்கு, சிறு நிறுவனத்தில் கிடைக்கும் பலதுறை அனுபவம் கூடுதல் பயன் தரலாம்.