காட்டுப்பாக்கத்துப் பெண்ணுக்கு ஒரு வாக்கு பாக்கி

பரங்கிமலை - பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலைத் தாண்டினால் காட்டுப்பாக்கம். அடுக்குமாடி வீடுகளும் தலைக்கு மேல் மெட்ரோ பாதையும் வந்துவிட்டன. இங்குள்ள ஒரு பெண் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறார், சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கிறார். ஆனால் தன் தெருவின் குடிநீரையும் குப்பையையும் மழைநீர் வடிகாலையும் பார்த்துக்கொள்ளும் ஊராட்சிக்கு அவர் கடைசியாக வாக்களித்தது 2019 டிசம்பரில். அன்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. புதிய தேர்தல் நடத்தப்படவில்லை. திருவள்ளூர் உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் அரசு அமர்த்திய தனி அலுவலர்கள் கைக்குப் போயின. பெண்ணுரிமையைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்தச் செய்தி ஏறுவதே இல்லை. ஏற வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் சட்டப்படி பாதி இடத்தைப் பெற்றிருப்பது உள்ளாட்சியில்தான். தேர்தல் நின்றால் அந்தப் பாதியும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஆண் வாக்காளர்கள் சுமார் 3.09 கோடி, பெண் வாக்காளர்கள் சுமார் 3.19 கோடி. வென்று உள்ளே போன பெண்கள் 234 பேரில் 12 பேர். மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்ற 2023ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடியட்டும் என்று காத்திருக்கிறது. உள்ளாட்சியின் கதை வேறு. 1996இல் மூன்றில் ஒரு பங்கோடு தொடங்கிய ஒதுக்கீடு, 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது. நகர்ப்புறத்தில் அதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது: 2022 பிப்ரவரி தேர்தலுக்குப் பிறகு 21 மாநகராட்சிகளில் 11 மேயர்கள் பெண்கள். அந்தத் தேர்தலில் ஆவடியும் பூந்தமல்லியும் வாக்களித்தன. ஊராட்சியாக இருப்பதாலேயே காட்டுப்பாக்கத்துப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது எந்த நியாயத்தில் சேரும்?

பெண்கள் படித்தால் போதும், அதிகாரம் தானாக வரும் என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் உண்டு. படிப்பில் தமிழ்ப்பெண்கள் பின்தங்கவில்லை. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 47.3 சதவீதம், ஆண்களைவிடச் சற்று அதிகம். அதிகாரம் தானாக வருவதாக இருந்தால் சட்டமன்றத்தில் 12 பேரோடு அது ஏன் நின்றது? நம் வரலாறும் வேறொன்றைச் சொல்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தால் நோயாளிகளைக் காப்பாற்ற முடிந்தது; சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தைத் தடுக்க முடியவில்லை. அதற்குச் சென்னை மாகாணச் சட்டசபையில் ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடமும் வானத்திலிருந்து விழவில்லை. 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் அந்த ஆண்டே சரோஜினி நாயுடு தலைமையில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921இல் சென்னை மாகாணம், பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முதலாவதாக, பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. சொத்துள்ளவர்களுக்கு மட்டும்தான் என்றாலும் கதவு திறந்தது. முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே வந்து, 1927இல் அவையின் துணைத் தலைவரானார். அங்கே அவர் தொடங்கிய போராட்டம் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக 1947இல் முடிந்தது. படிப்பு, சங்கம், வாக்கு, பதவி நான்கும் சேர்ந்துதான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தன.

அதிகாரம் படிப்பை வளர்க்கிறது என்பதற்கும் சான்று உண்டு. மேற்கு வங்கத்தின் 495 கிராமங்களில் பொருளாதார அறிஞர் எஸ்தர் டூஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. இரண்டு தேர்தல் காலமும் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊர்களில், மகளைப் பற்றிப் பெற்றோர் காணும் கனவு மகனுக்கானதை நெருங்கி வந்திருந்தது. வளரிளம் பிள்ளைகளிடையே படிப்பில் இருந்த ஆண் பெண் இடைவெளியே மறைந்திருந்தது. டூஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் 2004இல் வெளியிட்ட ஆய்விலோ, பெண் தலைவர்கள் இருந்த மேற்கு வங்க, ராஜஸ்தான் ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டிருந்தன. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த எந்தப் பெண்ணுக்கும் இதில் வியப்பு இருக்காது.

அடுத்த ஆட்சேபம், “பெயருக்குத்தான் அம்மா தலைவர், நாற்காலியில் உட்காருவது வீட்டுக்காரர்” என்பது. இது பொய்யல்ல. பல ஊர்களில் நடந்தது, நடக்கிறது. ஆனால் இதற்கு மருந்து தொடர்ச்சிதான். முதல் முறை கணவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டவர், இரண்டு கிராம சபைகளில் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு கோப்பைத் தானே படிக்கத் தொடங்குகிறார். நாமோ அந்தப் பயிற்சியைத்தான் திரும்பத் திரும்ப அறுக்கிறோம். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் ரத்தாகி மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி, பிறகு ஐந்தாண்டு, மறுபடியும் தனி அலுவலர்கள்.

அதிகாரிகள் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்களே, புறநகர் ஊராட்சிகள் எப்படியும் நகரத்தோடு சேரப்போகின்றனவே என்பவர்களுக்கும் பதில் உண்டு. அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். அவரை மாற்றும் உரிமை ஊர்ப் பெண்களுக்கு இல்லை. இணைப்பும் வார்டு மறுவரையறையும் அரசின் வேலை, அவற்றைக் காலத்தோடு முடிப்பதும் அரசின் கடமை. பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடியும் முன்பே தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243E பிரிவு. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையைத் தேதி தவறாமல் கணக்கில் போடத் தெரிந்த அரசு இயந்திரத்துக்குத் தேர்தல் தேதி குறிப்பது முடியாத காரியமல்ல.

தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பத்தாயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊராட்சியில் அந்தக் கூட்டம் செல்லுபடியாக 300 பேர் வர வேண்டும். சுய உதவிக் குழுப் பெண்களே, கல்லூரி மாணவிகளே, அடுத்த கூட்டத்துக்குச் செல்லுங்கள். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் முன்னால், தேர்தலை உடனே நடத்த வேண்டும் என்ற தீர்மானத்தை முதல் பொருளாக எழுதச் சொல்லுங்கள்; எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.