4 சதவீத இலக்கு எட்டாதது ஏன்? பெரு நிறுவனக் கொள்முதலும் எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோரும்

புதுதில்லி: மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஓராண்டில் வாங்கும் பொருள்கள், சேவைகளின் மொத்த மதிப்பில் 4 சதவீதம், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினருக்குச் சொந்தமான குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெறப்பட வேண்டும் என்பது விதி. 2012-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பொதுக் கொள்முதல் கொள்கையில் இடம்பெற்ற இந்த விதி, 2015 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், பழங்குடியினர் 8.6 சதவீதம். அதாவது நான்கில் ஒருவர். அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட அந்த 4 சதவீதமும் விதி கட்டாயமான பின்னர் பல ஆண்டுகளாக ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

விதி இருந்தும் கொள்முதல் ஆணை கைக்கு வந்து சேராதது ஏன் என்ற கேள்விக்கு, வாங்கும் நிறுவனங்கள் ஒரு பதிலையும் விற்க வருவோர் மற்றொரு பதிலையும் கூறுகின்றனர். தகுதியான விற்பனையாளர்கள் கிடைக்கவில்லை என்கின்றனர் முன்னவர்கள். வாய்ப்பு அளித்தால்தானே தகுதி வரும் என்கின்றனர் பின்னவர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கொள்கையின் வாசகத்தைக் கவனமாகப் படித்தால் மூன்றாவது காரணம் ஒன்றும் புலப்படும்.

விதியும் விதிவிலக்கும்

மொத்தக் கொள்முதலில் குறு, சிறு நிறுவனங்களுக்கான பங்கு முதலில் 20 சதவீதமாக இருந்தது. 2018-இல் செய்யப்பட்ட திருத்தம் அதனை 25 சதவீதமாக உயர்த்தியது. இதற்குள் எஸ்சி, எஸ்டி நிறுவனங்களுக்கு 4 சதவீதமும் பெண்களின் நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் உள் ஒதுக்கீடு ஆகும். எனினும் எஸ்சி, எஸ்டி நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்காவிட்டாலோ, நிபந்தனைகளையும் குறைந்தபட்ச விலையையும் நிறைவு செய்யாவிட்டாலோ, அந்த 4 சதவீதத்தைப் பிற குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கிக் கொள்ளலாம் என்றும் அதே கொள்கை கூறுகிறது. எனவே 25 சதவீத இலக்கை எட்டிவிட்ட ஒரு பொதுத்துறை நிறுவனத்திற்கு, உள் ஒதுக்கீட்டில் ஏற்படும் பற்றாக்குறையால் பெரிய நெருக்கடி எதுவும் நேர்வதில்லை. கட்டாயம் என்ற சொல்லின் வலிமை இங்கேதான் கரைகிறது.

விலைச் சலுகையும் நுட்பமானது. மிகக் குறைந்த விலையைக் குறிப்பிட்டவர் குறு, சிறு நிறுவனமாக இல்லாத நிலையில், அந்த விலையைவிட 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்ட குறு, சிறு நிறுவனத்திற்கு மற்றொரு வாய்ப்பு தரப்படும். ஒரு வால்வின் குறைந்தபட்ச விலை 100 ரூபாய் எனக் கொள்வோம். 112 ரூபாய் கேட்ட சிறு நிறுவனம், தானும் 100 ரூபாய்க்குத் தர ஒப்புக்கொண்டால், மொத்தத் தேவையில் 25 சதவீதம் வரையிலான ஆணையைப் பெறலாம். பெரிய ஆலையில் பெருமளவில் உற்பத்தி செய்பவருக்குக் கட்டுப்படியாகும் விலை, பத்துப் பேரைக் கொண்டு நடத்தப்படும் பட்டறைக்கும் கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி. வாய்ப்பு கிடைக்கிறது, இலாபத்திற்கு உறுதி இல்லை.

பட்டியலில் இடம்பெறுவதே முதல் தடை

ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் இலவசம். முன்வைப்புத் தொகை செலுத்தத் தேவையில்லை. தரமும் தொழில்நுட்பத் தகுதியும் சரியாக இருந்தால் முன் அனுபவம், ஆண்டு விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளையும் தளர்த்தலாம். ஆனால் பொதுப் பாதுகாப்பு, சுகாதாரம், முக்கியமான பாதுகாப்புச் சாதனங்கள் போன்றவற்றில் இத்தளர்வை மறுக்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. ரயில்வே, மின் உற்பத்தி, எண்ணெய் நிறுவனங்கள் ஆகியவை பல முக்கியப் பொருள்களைத் தமது அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலில் உள்ளவர்களிடம் மட்டுமே பெறுகின்றன. அப்பட்டியலில் சேர மாதிரிப் பொருள், ஆய்வகச் சோதனை, ஆலை ஆய்வு எனப் பல படிகளைக் கடக்க வேண்டும். அதுவரை ஆகும் செலவு முழுவதும் சிறு தொழில்முனைவோரின் கையிருப்பிலிருந்தே வர வேண்டும். தந்தையோ மாமனோ ஏற்கெனவே அத்தொழிலில் இருந்த குடும்பத்தவருக்கு இது ஒரு முதலீடு. முதல் தலைமுறையாகத் தொழில் தொடங்கியவருக்கு இதுவே மூலதனம் முழுவதும்.

கொள்முதல் அதிகாரியின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழகிய விற்பனையாளரிடம் வாங்கியதற்காக எவரும் அவரிடம் விளக்கம் கேட்பதில்லை. புதியவரிடம் வாங்கிய பொருள் பழுதானால் தணிக்கைக் குறிப்பு, கண்காணிப்புப் பிரிவின் விசாரணை எனப் பலவற்றிற்கு அவர் பதில் சொல்ல நேரும். தகுதியான விற்பனையாளர் இல்லை என்ற பதிலின் பின்னே இந்த அச்சமும் ஒளிந்திருக்கிறது.

இந்த இடைவெளியைக் குறைக்கவே, தேசிய எஸ்சி-எஸ்டி மையம் 2016 அக்டோபரில் லூதியானாவில் பிரதமர் நரேந்திர மோடியால் தொடங்கி வைக்கப்பட்டது. தேசிய சிறுதொழில் கழகம் இதனைச் செயல்படுத்துகிறது. சோதனைக் கட்டணம், வங்கி உத்தரவாதக் கட்டணம், கண்காட்சிச் செலவு ஆகியவற்றுக்கு உதவியும், இயந்திரம் வாங்க 25 சதவீத மானியமாக அதிகபட்சம் 25 லட்சம் ரூபாயும் இதன்வழி கிடைக்கின்றன. பொதுத்துறை நிறுவனங்களின் கொள்முதல் பிரிவினரையும் தொழில்முனைவோரையும் நேரில் சந்திக்கச் செய்யும் கூட்டங்களும் நடத்தப்படுகின்றன. இக்கூட்டங்களில் முகவரி அட்டைகள் கைமாறுகின்றன. ஆணை கைமாற வேண்டுமாயின், அடுத்த ஆறு மாதத்தில் தமக்கு எந்தப் பொருள், எந்த அளவில் தேவை என்பதை வாங்குபவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

உரிமையாளர் யார்?

தனிநபர் நிறுவனமாயின் உரிமையாளரும், கூட்டு நிறுவனம் அல்லது தனியார் நிறுவனமாயின் குறைந்தது 51 சதவீதப் பங்குகளை வைத்திருப்போரும் எஸ்சி அல்லது எஸ்டி பிரிவினராக இருக்க வேண்டும். பங்குப் பத்திரத்தில் ஒருவர் பெயர், கல்லாவில் வேறொருவர் என்ற பினாமி ஏற்பாடுகளுக்கு இதில் இடமுண்டு. சான்றிதழை மட்டும் பாராமல், வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் யார், தொழிற்கூடத்தில் முடிவெடுப்பவர் யார் என்பதையும் பார்ப்பதே இதற்குத் தீர்வு. மறுபுறம், சாதியைத் தெரிவித்தால் தனியார் வாடிக்கையாளர்களை இழக்க நேருமோ எனத் தயங்கி, சலுகையே வேண்டாமென ஒதுங்குவோரும் உண்டு. இவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை.

பணம் எப்போது வரும்?

ஆணை கிடைப்பதோடு சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும், பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி செலுத்த வேண்டும். ஆனால் அந்த வட்டியைக் கேட்டு மன்றத்தை நாடுபவர், அடுத்த ஆணை தமக்கு வராது என்ற அச்சத்துடனேயே நாட வேண்டியுள்ளது. தனது விற்பனையில் பெரும்பகுதியை ஒரே வாடிக்கையாளரிடம் வைத்திருக்கும் நிறுவனம், சட்டம் தன் பக்கம் இருந்தும் மௌனம் காக்கிறது.

வழக்கு தொடராமலே பயன்பெறும் வழி டிரெட்ஸ் எனப்படும் மின்னணுத் தளம். வாங்கியவர் விலைப்பட்டியலை ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் அதன்மீது ஏலம் கேட்டு, கழிவு போக எஞ்சிய தொகையை விற்பனையாளருக்கு உடனே அளித்துவிடும். வாங்கியவர் பின்னர் பணம் தராவிட்டாலும் அச்சுமை விற்பனையாளரைச் சேராது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அனைத்தும், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் இதில் இணைய வேண்டும் என 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இணைவது கட்டாயம். ஒவ்வொரு விலைப்பட்டியலையும் உரிய காலத்தில் ஏற்றுக்கொள்ளச் செய்வதே இனி எஞ்சியுள்ள சிக்கல்.

தனியார் துறையின் நிலை

அரசுக் கொள்முதலுக்கு உள்ள இலக்கு தனியார் நிறுவனங்களுக்கு இல்லை. அமெரிக்காவில் சிறுபான்மையினரின் நிறுவனங்களைப் பெரு நிறுவனங்களுடன் இணைக்க 1972 முதல் தனி அமைப்பு இயங்கி வருகிறது. 51 சதவீத உரிமை என்ற அளவுகோல் அங்கும் உண்டு. அம்முறையை இந்தியாவிலும் கொண்டுவர வேண்டுமென 2002 ஜனவரியில் வெளியான போபால் பிரகடனம் வலியுறுத்தியது. 2005-இல் மிலிந்த் காம்ப்ளே புணேயில் தலித் இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பை நிறுவினார். 2006-இல் மன்மோகன் சிங் அரசின் அழைப்பை ஏற்று, தொழில் அமைப்புகள் தாமாகவே முன்வந்து நடத்தை நெறி வகுத்தன. டாடா குழுமம் போன்ற சில, அதனைக் கொள்முதல் வரை கொண்டு சென்றன.

தற்போது மற்றொரு கதவு திறந்துள்ளது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் செபி வகுத்த பொறுப்புடைமை அறிக்கையைக் கட்டாயம் வெளியிடுகின்றன. மூலப்பொருள்களில் எத்தனை சதவீதம் சிறு நிறுவனங்களிடம் வாங்கப்பட்டது என்பதற்கு அதில் பதில் அளித்தாக வேண்டும். விளிம்புநிலைப் பிரிவினரிடம் முன்னுரிமை அளித்து வாங்கும் கொள்கை உண்டா, எந்தப் பிரிவினரிடம், எவ்வளவு என்ற கேள்விகளும் அதில் உள்ளன. ஆனால் இவை விருப்பத்தின் பேரில் நிரப்பப்படும் பகுதியில் இடம்பெற்றுள்ளன.