மயோனைஸ் ஏன் கெட்டியாகிறது?

செஞ்சியிலும் விழுப்புரத்திலும் கிரில் சிக்கன், ஷவர்மா வாங்குகிற பிள்ளைகள், "அண்ணே, மயோனைஸ் இன்னும் கொஞ்சம் வைங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். பார்சல் நம் பனமலைக்கு வந்து சேர்ந்ததும் வீடு இரண்டாகிவிடும். பிள்ளைகள் அதை வழித்துத் தின்பார்கள். பெரியவர்கள் முட்டை வாடை என்று தள்ளி வைப்பார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

மயோனைஸில் பெரும்பங்கு எண்ணெய். எடையில் குறைந்தது 65 சதவீதம் தாவர எண்ணெய் இருந்தால்தான் அமெரிக்காவில் அதை மயோனைஸ் என்று விற்க முடியும். மீதி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, முட்டைக் கரு, உப்பு. எண்ணெயும் ஓடும், வினிகரும் ஓடும்; சேர்த்து அடித்தால் மட்டும் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டிப்படுகிறது.

மிக்ஸியின் வேகத்தில் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைகிறது. சும்மா விட்டால் துளிகள் ஒன்றோடொன்று கூடி மேலே மிதந்துவிடும். அதைத் தடுப்பது மஞ்சள் கருவில் உள்ள லெசித்தினும் புரதங்களும். லெசித்தின் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயை நாடும், மறுமுனை தண்ணீரை நாடும். அது ஒவ்வொரு துளியையும் சுற்றி உறைபோலப் படிந்துவிடுவதால் துளிகள் மீண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. எண்ணெய் சேரச் சேரத் துளிகளுக்கு நடுவே இடம் சுருங்குகிறது. திருவிழாக் கூட்டத்தில் நகர முடியாமல் நிற்பவர்களைப் போல அவை ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. கெட்டித்தன்மை அந்த நெரிசலிலிருந்து வருகிறது. ஒரேயடியாக எண்ணெயைக் கொட்டினால் உறை போட அவகாசமில்லாமல் திரிந்துபோகும். முதலில் சொட்டுச் சொட்டாக ஊற்றச் சொல்வது அதற்காகத்தான். வெண்மையும் இந்தத் துளிகளின் வேலை: பாலில் நடப்பது போலவே, அவை ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கின்றன.

நாக்குக்குப் பிடித்துப்போவது இந்த வழவழப்பு. 1912இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் ஹெல்மன் மயோனைஸைப் பாட்டிலில் அடைத்து விற்றார். 1925இல் ஜப்பானில் கியூப்பி மயோனைஸ் வந்தது. கலிபோர்னியாவில் ஸ்டீவ் ஹென்சன் 1950களில் மோரும் பூண்டும் மூலிகைகளும் மயோனைஸும் கலந்து பரப்பிய 'ராஞ்ச்' பின்னாளில் அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் சாலட் டிரஸ்ஸிங் ஆனது. பீட்சாவைக்கூட அதில் தோய்த்துத் தின்பவர்கள் அங்கே உண்டு. அதைக் கண்டாலே முகம் சுளிப்பவர்களும் உண்டு.

பிடிப்பதும் பிடிக்காததும் அவரவர் நாக்கு. ஆபத்து அப்படியல்ல. சால்மோனெல்லா கிருமி முட்டை ஓட்டில் ஒட்டியிருக்கலாம். அதில் ஒருவகை கோழியின் உடலுக்குள்ளிருந்தே, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் நுழைந்துவிடும். ஓட்டைக் கழுவிப் பயனில்லை. நன்றாக வேகவைத்தால் சாகும் இந்தக் கிருமிக்குப் பச்சை முட்டை மயோனைஸில் அந்தத் தடை இல்லை. போதிய புளிப்பு இருந்தால் ஓரளவு ஒடுங்கும். வாடிக்கையாளர் ருசிக்காகப் புளிப்பைக் குறைத்தால் அந்தக் காவலும் போயிற்று. பிறகு நம் வெயில். 37 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இது வேகமாகப் பெருகும். செஞ்சிப் பாறைகள் தகிக்கும் சித்திரையில் கடை வாசலில் திறந்து வைத்த டப்பா அதற்குத் தோதான இடம்.

2023 ஜனவரியில் கேரளமும், 2024 அக்டோபரில் தெலங்கானாவும் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தன. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சரியான முடிவு. பிள்ளைகள் இதனால் இழப்பது ஒன்றுமில்லை, ஏனென்றால் அவர்களுக்குப் பிடித்த வழவழப்பு முட்டையுடையதல்ல, நுண்துளிகளுடையது. துளிகளுக்கு உறை போடப் பாலில் உள்ள கேசின் புரதமே போதும்.

காய்ச்சி ஆறவைத்துக் குளிர்ந்த பால் ஒரு பங்கு, எண்ணெய் இரண்டு பங்கு, பூண்டு, உப்பு. பாலை மிக்ஸியில் ஓடவிட்டு எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றி, கெட்டியானதும் எலுமிச்சை பிழிய வேண்டும். இதையும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். நம் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெயில் செய்யலாம். செக்கெண்ணெய் என்றால் வாசனை தூக்கலாக இருக்கும். பாதிக்குப் பாதி ரீஃபைண்டு கலந்தால் அடங்கும். முட்டை வாடை இல்லாததால் பெரியவர்களும் ஒரு வாய் தொட்டுப் பார்ப்பார்கள்.