கூடையை யார்கிட்ட வுட்டுட்டுப் போவேன்?

ஊரும் உடம்பும் – 17

போன வாரம் அவசரத்துக்கு ஓடிவரும் 108 வண்டியைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் அவசரமே காட்டாத நோய்கள். பிரஷர், சக்கரை. வந்தது தெரியாமல் வந்து, வந்தபின் போகாதவை.

அவலூர்பேட்டையில் என் பெரியம்மா இருக்கிறார். எழுபத்திரண்டு வயது. சித்தகிரி முருகன் மலையைப் பார்த்தபடி ஓட்டு வீடு. பெரியப்பா இல்லை, மகன் பெங்களூரில் கட்டட வேலை. வேகவைத்த மல்லாட்டைக் கூடையோடு வாரத்தில் மூன்று ஊர்ச் சந்தைக்குப் போய் உட்காருவார். (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது என்பார்கள்.)

பிரஷர் எட்டு வருஷமாக. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கூடுதலாகவே இருக்கும். “ஒழுங்கா மாத்திரை போடுறீங்களா?” என்பார் டாக்டர். “போடறேன் சாமி” என்பார் பெரியம்மா. இரண்டு வருஷம் இதே கேள்வி, இதே பதில். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலோடு திரும்பியிருக்கிறேன். பொய்யைக் கண்டுபிடித்தது வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண். அதே ஊர்க்காரர். அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து, கூட மல்லாட்டை உரித்துக்கொண்டே பேசியிருக்கிறார். அட்டையைத் திருப்பிப் பார்த்தவருக்கு ஒரு வகை மாத்திரை மட்டும் மீந்திருப்பது கண்ணில் பட்டிருக்கிறது.

“ஆயா, தண்ணி மாத்திரய ஏன் வுட்டுட்ட?”

“அத்தப் போட்டா அரை மணிக்கு ஒருக்கா எழுந்திருக்கணும். சந்தையில கூடைய யார்கிட்ட வுட்டுட்டுப் போவேன், நீயே சொல்லு?”

தண்ணி மாத்திரை என்பது உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றி ரத்த அழுத்தத்தைக் குறைப்பது. காலையில் போட்டால் முற்பகல் முழுக்க அதன் வேலைதான். முற்பகல்தான் சந்தையும். பெரியம்மா வியாபாரத்தைத் தேர்ந்தெடுத்தார். அவர் கணக்கில் அதில் தப்பே இல்லை.

அந்தப் பெண் விஷயத்தை நர்சிடம் சொன்னார், நர்ஸ் டாக்டரிடம் சொன்னார். சந்தை நாட்களில் மட்டும் வீடு திரும்பியபின் மூன்று மணிக்குப் போடலாம் என்று டாக்டர் மாற்றிக் கொடுத்தார். (படிக்கிறவர்கள் தாங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம். எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது.) மருந்து மாறவில்லை, செலவு கூடவில்லை. ஒரு கேள்விதான் மாறியது. ‘போட்டியா’ என்பதற்குப் பதில் ‘ஏன் போடல’.

ஆளுக்குத் தக்க கவனிப்பு என்று மேல்நாட்டு மருத்துவர்களும் சமூக நலத் துறையினரும் பெரிதாகப் பேசுவது இதைத்தான்.

பெரியம்மா வீட்டுக்கு அந்தப் பெண் வருவது தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில். அது 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு கணக்குப் போதும். 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் என்னும் தொற்றாநோய் ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரையில் 10.8. ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், இலவச மருந்து, மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் இருக்கிற மாநிலத்தின் கணக்கு இது. நூறு பேரில் ஏழு பேர்! மருந்து இல்லாமல் அல்ல. மருந்து வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகும், கூட வர ஆள் இருக்காது, முழங்கால் ஒத்துழைக்காது.

அதனால் மருந்தே கிளம்பி வந்தது. மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் அளந்து பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய்த்தணிப்பு நர்சும், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிசியோதெரபிஸ்டும் வண்டியில் வருகிறார்கள். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பை வீட்டுக்கே வருகிறது. 2024 செப்டம்பரில் ஐ.நா. விருதும் கிடைத்தது. அடுத்த சுற்று ஆய்வில் கட்டுப்பாட்டு அளவு இரண்டு நோயிலும் 17 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கிறது. நல்ல ஏற்றம். ஆனாலும் நூறில் எண்பதுக்கு மேல் இன்னும் வெளியேதான்.

அந்த எண்பதுக்குள் எத்தனை மல்லாட்டைக் கூடைகள் இருக்கின்றனவோ. மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. அது வாய்க்குள் போகாததற்கான காரணம் வீட்டுக்கு வீடு வேறு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக்கு விரதம் இருக்கிற அம்மா, வெறும் வயிற்றில் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளைப் போட்டால் இரவு ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் மயங்கி விழுவார். விழுந்து எழுந்தவர் அடுத்த மாதம் மாத்திரையை விடுவாரே தவிர விரதத்தை விடமாட்டார். அங்காளம்மனோடு போட்டிபோட எந்த டாக்டராலும் ஆகாது. அந்த ஒரு நாளுக்கு என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே பேசி வைப்பதுதான் வைத்தியம்.

பெரியம்மாவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணின் செல்போனைக் காட்டச் சொன்னேன். பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, மாத்திரை கொடுத்தாயிற்றா என்று செயலியில் பதிகிறார். “ஆயா சொன்ன காரணத்த எங்க போடுவ?” என்றேன். “அதுக்கெல்லாம் ஏது சார் இடம்” என்று சிரித்தார்.

இங்கிலாந்தில் அதற்கு இடம் கேட்டுச் சண்டை போட்டவர்கள் மாற்றுத்திறனாளிகள். உதவியாளர் வருகிற நேரத்தில்தான் எழ வேண்டும், அவர் போவதற்குள் படுத்துவிட வேண்டும் என்ற நிலையை எதிர்த்தார்கள். பணத்தை எங்கள் கையில் கொடுங்கள், எங்கள் உதவியாளரை நாங்களே அமர்த்திக்கொள்கிறோம் என்றார்கள். 1996இல் அதற்குச் சட்டம் வந்தது. 2014இன் பராமரிப்புச் சட்டம், உதவிக்குத் தகுதியான ஒவ்வொருவருக்கும் தனித் திட்டமும் தனி நிதிக்கணக்கும் வேண்டும் என்றது. பணம் போதவில்லை என்ற புலம்பல் அங்கேயும் உண்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்றொரு ஏற்பாட்டை நடத்துகிறது. மனநோயால் வருஷக்கணக்காக விடுதியில் கிடந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். துணைக்கு ஓர் உதவியாளர். யாரோடு இருக்கப் பிடிக்கும் என்பது அவர்கள் முடிவு. இன்றைக்கு மீன் குழம்பா, ரசமா என்பதும். விடுதியில் பத்து வருஷம் மணியடித்தால் சாப்பிட்டவருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது!

இதற்கு நேர்மாறானதையும் பார்த்தோம், எங்கள் மாவட்டத்திலேயே. விக்கிரவாண்டி பக்கம் குண்டலபுலியூரில் ஒரு காப்பகம். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றம் வரை போனபிறகு, 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரிடமாவது அதற்கு முன்னால் யாராவது போய் ‘இங்கே இருக்க உனக்குச் சம்மதமா’ என்று கேட்டிருப்பார்களா?

பணமும் கவனிப்புதான், மறுக்கவில்லை. 1962இல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. ஓ.ஏ.பி. பணம் என்றால்தான் ஊரில் புரியும். பெரியம்மா அதில் முதலில் செய்வது மகனுக்குப் போன் ரீசார்ஜ். “அவன் பேசினாத்தான் எனக்குத் தூக்கம் வருது.” எந்தத் திட்ட அறிக்கையிலும் இது பயன் என்று எழுதப்படாது. எனக்கென்னவோ அந்த 1,200இல் உருப்படியான செலவு அதுதான் என்று படுகிறது.

மருந்து வாங்க, வண்டி வாங்க, செயலி எழுத அரசிடம் வழி இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தபடி காரணம் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் எல்லா ஊரிலும் ஏற்கெனவே இருக்கிறார். அரசு அவருக்கு மாதாமாதம் கொடுப்பதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, ஊக்கத்தொகை.

(தொடரும்)