மாற்றிய ஈட்டை மீண்டும் மாற்றலாமா?



யாழ்ப்பாணத்திலே ஒரு வீட்டைப் பற்றிய பேச்சு எழுந்தால், அறைகள் எத்தனை என்று கேட்பதற்கு முன்னரே, "உறுதி யார் பேரில் இருக்கிறது? ஈடு ஏதும் உண்டோ?" என்று கேட்பது பெரியோர் வழக்கம். கிணற்றையும் வேலியையும் போனவுடன் கண்ணாற் காணலாம். ஈட்டைக் காண்பதற்கோ காணிப் பதிவகத்துக்குத்தான் போகவேண்டும்.

கோண்டாவிலில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வட்டி உச்சத்தில் நின்ற வேளையில், அவ்வீட்டை ஈடு வைத்து வங்கியிற் கடன் பெற்றனர். 2023 ஆம் ஆண்டின் முடிவில் வட்டி இறங்கியது கண்டு, இன்னொரு வங்கியிற் குறைந்த வட்டிக்குப் பணம் எடுத்து முதற் கடனைத் தீர்த்தனர். ஓராண்டு செல்வதற்குள் வட்டி மேலும் இறங்கிவிட்டது. மூன்றாவது வங்கியொன்று, "இன்னும் குறைத்துத் தருகிறோம், வாருங்கள்" என்கிறது. "போன வருடம்தானே அவ்வளவு செலவழித்து மாற்றினோம்; அந்தக் காசு வீணாய்ப் போவதோ?" என்கிறார் கணவர். "மாதம் ஐயாயிரம் மிச்சம் என்கிறார்களே, அதை ஏன் விடுவான்?" என்கிறார் மனைவி. இவ்விருவருள் யார் சொல்வது சரி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கடனை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றுவது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1706 ஆம் 1707 ஆம் ஆண்டுகளில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி எழுதினார். அதனைத் தமிழ் முதலிமார் பன்னிருவர் படித்துப் பார்த்து ஏற்றனர். பின்னர் ஆங்கில ஆட்சியிலே 1806 ஆம் ஆண்டிற் சட்டவலுப் பெற்ற அத்தேசவழமையில் ஒற்றிக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒற்றி என்பது, காணியைக் கடன் கொடுத்தவரின் கையில் ஒப்படைத்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அவரே அனுபவிக்க விடுவது. ஈடு என்பதோ, காணியும் வீடும் நம் கையிலே இருக்க, கடனுக்குப் பிணையாக அவற்றை எழுதிக் கொடுப்பது. ஒற்றியில் நிலத்தின் விளைவு போகும். ஈட்டில் மாதந்தோறும் வட்டி போகும். ஓரிடத்து ஒற்றியை மீட்க வேறிடத்திற் பணம் எடுத்தவர்களைப் பற்றிய கதைகள் நம் ஊர்களிலே அநேகம். அன்று அதனை ஒற்றி மாற்றுதல் என்றனர். இன்று வங்கிகள் அதனையே மீள்நிதியிடல் என்று அழைக்கின்றன.

முன்னாளில் வட்டி ஆண்டுக் கணக்காக ஒரே அளவில் நின்றது. ஆகையால் ஒருமுறை மாற்றியவர் மறுமுறை அதைப்பற்றி நினைக்கவேண்டியிருக்கவில்லை. அண்மைக்காலம் அப்படியன்று. வங்கிகள் தமக்கு ஓரிரவுக்குப் பணம் தேவைப்படும்போது இலங்கை மத்திய வங்கிக்குக் கொடுக்கும் வட்டி, 2022 மார்ச்சில் நூற்றுக்கு 7.5 ஆக இருந்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய அவ்வாண்டு ஏப்ரல் 8 ஆம் திகதி, அது ஒரே நாளில் நூற்றுக்கு 7 உயர்த்தப்பட்டு 14.5 ஆயிற்று. 2023 மார்ச்சில் 16.5 ஐத் தொட்டது. பின்னர் இறக்கம் தொடங்கியது: 2023 ஜூனில் 14, ஜூலையில் 12, ஒக்டோபரில் 11, நவம்பரில் 10. 2024 மார்ச்சில் 9.5, ஜூலையில் 9.25. மத்திய வங்கியின் வீதம் ஏறினால் வீட்டுக் கடனின் வட்டியும் ஏறும். அது இறங்கினால் இதுவும், சற்றுத் தாமதித்தேனும், இறங்கும். ஆகவே, 2023 ஜூனில் அவசரப்பட்டு ஈட்டை மாற்றியவர், அதே ஆண்டு நவம்பரிலேயே, "பொறுத்திருக்கலாமே" என்று கைபிசைய நேர்ந்தது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் நூற்றுக்கு 2.65 வரை இறங்கியபோது, அங்கும் முன்னர் மாற்றியவர்கள் பலர் இக்கேள்வியை எதிர்நோக்கினர்.

இனிக் கணக்குக்கு வருவோம். நேயர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நல்லது. நமது குடும்பத்துக்கு இன்னும் கட்டவேண்டிய முதல் 30 இலட்சம் ரூபா. மீதமுள்ள காலம் 10 ஆண்டு. வட்டி நூற்றுக்கு 15 என்க. மாதத் தவணை ஏறத்தாழ 48,400 ரூபா. புதிய வங்கி நூற்றுக்கு 12 க்குத் தருகிறது. அதே 10 ஆண்டுக்குத் தவணை ஏறத்தாழ 43,040 ரூபா. ஆகவே மாதம் 5,360 ரூபா மிச்சம். மனைவி கேள்விப்பட்ட ஐயாயிரம் இதுதான்.

ஆனால் மாற்றுவதற்குச் செலவு உண்டு. தவணைக்கு முன்னரே கடனைத் தீர்ப்பதற்குப் பழைய வங்கி ஒரு கட்டணம் அறவிடலாம். அது நூற்றுக்கு 3 என்று வைத்தால் 90,000 ரூபா. பழைய ஈட்டை விடுவிக்கும் உறுதி, புதிய ஈட்டு உறுதி, நொத்தாரிசின் கட்டணம், பதிவுச் செலவு, வீட்டின் மதிப்பீடு ஆகியவற்றுக்கு 70,000 ரூபா என்க. மொத்தம் 160,000 ரூபா. இதனை 5,360 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 30 வரும். அதாவது, முதல் 30 மாதங்களில் மிச்சம் பிடிப்பதெல்லாம் செலவை ஈடு செய்வதற்கே சரி. முப்பத்தோராம் மாதத்திலிருந்துதான் உண்மையான இலாபம் தொடங்கும். பத்தாண்டும் கட்டி முடிப்பவருக்கு ஏறத்தாழ 483,000 ரூபா நன்மை. இரண்டு ஆண்டில் வீட்டை விற்கவோ, வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பும் பணத்தால் கடனை முற்றாகத் தீர்க்கவோ எண்ணுபவருக்கு நட்டம்.

புதிய வங்கி 12 க்குப் பதிலாக 14 க்குத் தருவதாயின் என்ன? அப்போது தவணை 46,580 ரூபா. மாத மிச்சம் 1,820 ரூபா மாத்திரமே. அதே செலவை மீட்க ஏறத்தாழ 88 மாதங்கள், ஏழாண்டுக்கு மேல், வேண்டும். ஆகவே, "வட்டி குறைந்தது" என்பது போதாது, "செலவை எத்தனை மாதத்தில் மீட்கும் அளவுக்குக் குறைந்தது?" என்பதே கேள்வி.

இப்பொழுது கணவரின் கேள்விக்கு வருவோம். போன வருடம் செலவழித்த பணம் என்னாவது? அப்பணம் போய்விட்டது. மாற்றினாலும் அது திரும்பி வராது, மாற்றாவிட்டாலும் வராது. ஆகையால் இன்றைய கணக்கில் அதற்கு இடமில்லை. இன்று புதிதாகச் செலவழிக்கப்போவதையும், இனி வரப்போகும் மிச்சத்தையும் மாத்திரமே தராசின் இரு தட்டிலும் இடவேண்டும். ஆயினும் கணவரின் அச்சத்தில் ஓர் உண்மை உண்டு. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு உண்டு. ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டே போனால், ஒரு மாற்றத்தின் செலவை மீட்கு முன்னரே மறு மாற்றத்தின் செலவு வந்து சேரும். அப்போது இலாபம் நொத்தாரிசுக்கும் வங்கிக்குமே அன்றி, வீட்டுக்காரருக்கு அன்று.

மனைவியின் கூற்றிலே மறைந்துள்ள ஆபத்து வேறு. "மாதத் தவணை குறையும்" என்று சொல்லும் வங்கி, சில வேளை வட்டியைக் குறைப்பதோடு காலத்தையும் நீட்டிவிடும். அதே 30 இலட்சத்தை நூற்றுக்கு 12 வட்டியில் 15 ஆண்டுக்கு எழுதினால், மாதத் தவணை 36,005 ரூபா. பார்த்தவுடன் மனம் மகிழும். மாதம் 12,400 ரூபா குறைகிறது அல்லவா? ஆனால் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். பழைய 15 வட்டியில் பத்தாண்டு கட்டினால் மொத்தம் 5,808,000 ரூபா. புதிய 12 வட்டியில் பதினைந்தாண்டு கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 6,481,000 ரூபா. குறைந்த வட்டிக்கு மாறியவர், ஏறத்தாழ 673,000 ரூபா அதிகமாகக் கட்டுகிறார். காரணம் எளிது. கடனின் தொடக்கக் காலத்தில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகும். நீட்டிய கடனின் முதலாவது தவணையில் 30,000 ரூபா வட்டி. முதலிற் கழிவது 6,005 ரூபா மட்டுமே. மாற்றும்போதெல்லாம் காலத்தையும் நீட்டுபவர், ஏணியில் நாலு படி ஏறி, மீண்டும் அடிப்படிக்கு இறங்குபவரை ஒப்பர்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். "கையிலிருந்து ஒரு சதமும் தரவேண்டாம், செலவைக் கடனோடு சேர்த்துக்கொள்கிறோம்" என்று வங்கி சொல்லலாம். அந்த 160,000 ரூபாவும் முதலோடு சேர்ந்து, நூற்றுக்கு 12 வட்டியில் பத்தாண்டு ஓடினால், அதற்காக நீங்கள் கட்டுவது ஏறத்தாழ 275,000 ரூபா ஆகும். வட்டி குட்டி போடும் என்பது இதுதான்.

கணக்குச் சரியானாலும், நம் பகுதியில் உறுதிப் பத்திரம் பற்றிய சில காரியங்களை மறத்தல் ஆகாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியையோ வீட்டையோ ஈடு வைக்கும் உறுதி, நொத்தாரிசின் முன்னும் சாட்சிகள் இருவர் முன்னும் எழுதப்படவேண்டும். பின்னர் அது காணிப் பதிவகத்திற் பதியப்படும். பழைய ஈடு தீர்ந்துவிட்டது என்று வங்கி கடிதம் தந்தால் மட்டும் போதாது. விடுவிப்பு உறுதி எழுதிப் பதிந்தால் அன்றி, பதிவுத் தாளில் அந்த வில்லங்கம் நின்றுகொண்டே இருக்கும். பேரன் காலத்து ஒற்றி ஒன்று, பணம் தீர்ந்தும் பதிவு தீராமல், பேத்தியின் கலியாண வேளையில் தலைகாட்டுவது நம் ஊரிற் காணாத காட்சியன்று. இரண்டு ஆண்டில் இருமுறை மாற்றுபவருக்கு விடுவிப்பும் இருமுறை; ஒன்றைக் கைவிட்டாலும் பின்னர் இடர்ப்பாடே.

அடுத்தது, வீடு பெண்ணின் பேரில் இருப்பது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பேரிலுள்ள வீட்டையோ காணியையோ பராதீனப்படுத்தவும் ஈடு வைக்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது, யாழ்ப்பாணத்து விவாக உரிமைகள், மரபுரிமைகள் பற்றிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் விதி. சீதன வீடாயினும் இதற்கு விலக்கில்லை. கணவர் சம்மதத்தை நியாயமின்றி மறுத்தாலோ, அவர் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடலாம். கணவர் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பாராயின், கையொப்பத்துக்கு அற்றோணித் தத்துவம் வேண்டும். முதல் மாற்றத்துக்கு எழுதிய தத்துவம் அந்த ஒரு காரியத்துக்கென்றே எழுதப்பட்டிருந்தால், இரண்டாம் மாற்றத்துக்கு அது உதவாது. இந்தச் செலவையும், இதனாற் செல்லும் வாரங்களையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

ஆகவே, முதலிற் செய்யவேண்டியது என்ன? புதிய வங்கியின் படியேறு முன்னர், இப்போது கடனுள்ள வங்கிக்குப் போங்கள். உங்கள் ஈட்டு உறுதியிலும் கடன் கடிதத்திலும் வட்டி நிலையானதா, மாறுவதா, மாறுமாயின் எந்தத் திகதியில் என்று எழுதியிருக்கும். அதைப் படியுங்கள்; விளங்காவிட்டால் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பிற வங்கி எழுத்தில் தந்த வட்டியைக் காட்டி, "இதற்குக் குறைத்துத் தருவீர்களோ?" என்று வினவுங்கள். தவறாது கட்டிவரும் வாடிக்கையாளரை இழக்க எந்த வங்கியும் எளிதில் விரும்பாது. ஒன்றரை வீதம் குறைத்தாலும், புதிய உறுதியும் முன்தீர்வுக் கட்டணமும் இல்லாமையால், மூன்று வீதம் குறைத்துத் தரும் வேற்று வங்கியிலும் அதுவே சில வேளை மேலாகும்.

அது கைகூடாவிடின், மூன்று கேள்விகளைக் கேட்டு விடையைத் தாளில் எழுதுங்கள். புதிய செலவு முழுவதும் எவ்வளவு? காலத்தை நீட்டாமல், மாத மிச்சம் எவ்வளவு? செலவை மிச்சத்தால் வகுத்து வரும் மாதங்கள் முடியும்வரை இக்கடனோடு நிச்சயமாக இருப்போமா? மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று தயங்காமற் சொல்லக்கூடுமாயின், போன வருடம் மாற்றினோமே என்ற கூச்சம் வேண்டாம், மாற்றலாம். தயக்கம் இருந்தால் பொறுத்திருங்கள்.

கோண்டாவிற் குடும்பத்துக்கும் இதுவே விடை. கணவர் போன செலவை மறக்கவேண்டும். மனைவி நீளும் காலத்தை மறவாதிருக்கவேண்டும். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து இக்கணக்கைப் பார்ப்பாராயின், மகளுக்கென்று அவர்கள் காத்துவரும் வீடு, ஈடு தீர்ந்த உறுதியோடு அவள் கைக்குச் சேரும் நாள் தள்ளிப்போகாது.