25 இலக்கத்தோடு நின்றுபோன எண்

டீ ஆறுவதற்குள் ஒரு தாளில் இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்: 3608528850368400786036725. மொத்தம் 25 இலக்கங்கள்.

இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். முதல் இரண்டு இலக்கம் 36. 2-ஆல் மீதியில்லாமல் வகுபடும். முதல் மூன்று 360, 3-ஆல் வகுபடும். 3608 நான்கால், 36085 ஐந்தால், 360852 ஆறால். ஏழு இலக்கம் எடுத்தால் 3608528. 7-ஆல் வகுத்தால் சரியாக 515504. கடைசி இலக்கம் வரை இப்படித்தான். எத்தனை இலக்கம் எடுக்கிறோமோ, அந்த எண்ணால் வகுபடும். இந்தக் குணமுள்ள எண்களில் இதைவிடப் பெரியது கிடையாது.

அது எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? நாமே கட்டிப் பார்த்தால் புரிந்துவிடும். 3-இல் தொடங்குவோம். இரண்டாவது இடத்தில் ஏதாவது ஓர் இரட்டை இலக்கம் வேண்டும், 6 போடுவோம். மூன்றாவது இடத்துக்கு 0, 3, 6, 9 எதுவும் பொருந்தும். 0 போட்டால், நான்காவதற்கு 0, 4, 8 என மூன்று வாய்ப்பு. ஒன்பதாவது இடம் வரை திண்டாட்டமே இல்லை. அடுத்தடுத்த பத்து எண்களை எடுத்தால், 9-இன் மடங்கு ஒன்றாவது அதற்குள் கட்டாயம் வந்துவிடும். 9-க்குக் குறைந்த எண்களுக்கும் அப்படியே.

பத்தாவது இடத்தில் 0-ஐத் தவிர வேறெதுவும் செல்லாது. அதனால் ஒன்பது இலக்கத்தில் 2492 எண்கள் என்றால், பத்து இலக்கத்திலும் அதே 2492.

சிக்கல் பதினொன்றில் ஆரம்பிக்கிறது. கடைசியில் 0 போட்டு 11-ஆல் வகுத்துப் பாருங்கள். மடங்காக்க இன்னும் எவ்வளவு கூட்ட வேண்டும்? 0 முதல் 10 வரை எதுவும் வரலாம். 9 வரை என்றால் பிழைத்தோம். 10 என்று வந்தால் அந்த எண்ணுக்கு அதோடு முற்றுப்புள்ளி. போகப்போக நெருக்கடி கூடும். 20-ஆவது இடத்தில் ஏறத்தாழ இரண்டில் ஒன்றுதான் தேறும். 11 இலக்கத்தில் 2225 எண்கள் இருக்கின்றன. 20 இலக்கத்தில் 44, 24 இலக்கத்தில் 3, 25 இலக்கத்தில் நம் கையில் இருக்கும் இந்த ஒன்று மட்டும்.

இதையும் நீட்ட முடியாதா? கடைசியில் ஒரு 0 சேர்த்து 26-ஆல் வகுத்தால் மீதி 12. மடங்காக்க இன்னும் 14 வேண்டும். ஓர் இடத்தில் 14-ஐ வைக்க முடியாதே! ஓர் இலக்க எண்ணில் தொடங்கி இதுவரை எல்லாவற்றையும் கூட்டினால் 20456. அவ்வளவுதான், பட்டியல் முடிந்தது.

இன்னொரு டீ சொல்வதாக இருந்தால், ஒரு சின்ன வேலை. 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே தடவை வரும்படி இதே குணமுள்ள எண் ஒன்று உண்டு: 381654729. வேறொன்று இல்லை என்று காட்டுவதுதான் கணக்கு. ஐந்தாவது இடத்தில் 5 வந்தே தீர வேண்டும். 2, 4, 6, 8-ஆவது இடங்களில் இரட்டை இலக்கங்கள்தான் உட்காரும். அங்கிருந்து பிடியுங்கள்.